துயரமும் மனநோயும் தீட்டப்பட்ட முகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய உருவப்படங்களைப் பற்றி எழுதியபோது, செல்வமும் பதவியும் உள்ளவர்கள் விலை கொடுத்துத் தங்கள் முகத்தை வரையச் செய்துகொண்ட வழக்கத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசியிருந்தோம். தாமாகக் கேளாமலே வரையப்பட்டவர்களும் அக்காலத்தில் இருந்தார்கள் என்றும், பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ வரைந்த மனநோயாளிகள் அவர்களுள் அடங்குவர் என்றும் ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தோம். வந்து சேர்ந்த கடிதங்களில் மிகப் பல அந்த வரியைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: ஜெரிகோ வரைந்த அந்த மனநோயாளிகள் யார்? யாருக்காக வரைந்தார்? படங்கள் இன்று எங்கே இருக்கின்றன?
(கவின்கலைக் கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: தியோடோர் ஜெரிகோ 32 ஆண்டுகளே வாழ்ந்தவர் (1791–1824). 1819-இல் 'மெதூசாவின் தெப்பம்' என்ற பேரோவியத்தைப் பாரிஸில் காட்சிக்கு வைத்த பிறகு அவர் உடலும் மனமும் தளர்ந்து நோயுற்றார். அவருடைய குடும்பத்திலும் மனநோய் கண்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதை அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவர் மனநோயாளிகளின் உருவப்படங்கள் பத்தினைத் தீட்டினார் என்று சொல்லப்படுகிறது. அவை எத்தியென் ஜார்ஜே என்ற இளம் மருத்துவரிடம் இருந்தன. ஜார்ஜே, பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் புகழ்பெற்ற மருத்துவர் எஸ்கிரோலிடம் பயின்றவர். 1820-இல், தம் 25-ஆம் வயதில், மனநோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். ஓவியரின் நோயை இவரே தீர்த்தார், அந்த நன்றிக்கு ஈடாகவே படங்கள் தீட்டப்பட்டன என்று ஒரு கதை வழங்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு ஆவணச் சான்று கிடையாது.

1828-இல் ஜார்ஜேயும் இளவயதிலேயே இறந்துவிட, படங்கள் ஐந்து ஐந்தாக இரு மருத்துவர்களின் கைக்குப் போயின. ஒரு பங்கு என்னவாயிற்று என்று இன்றுவரை துலங்கவில்லை. மற்றொரு பங்கை, லாஷேஸ் என்ற மருத்துவரின் வீட்டுப் பரணில் ஒரு பெட்டிக்குள் கிடந்த நிலையில், 1863-இல் ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் லூயி வியார்தோ என்ற கலை எழுத்தாளர் கண்டார். அவற்றை வாங்கிக்கொள்ளும்படி கேட்டபோது லூவ்ர் அருங்காட்சியகம் முன்வரவில்லை. அதனால் ஐந்தும் ஐந்து திசைகளில் சிதறி, இன்று பிரான்சின் லியோன், பெல்ஜியத்தின் கெண்ட், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆகிய நகரங்களில் ஒவ்வொன்றாகவும், பிற்காலத்தில் மனம் மாறி வாங்கிய லூவ்ரில் ஒன்றுமாக இருக்கின்றன.

அந்தக் காலத்து மருத்துவர்கள் 'மோனோமேனியா' என்ற ஒரு நோயைப் பற்றிப் பேசினார்கள். மற்ற எல்லாவற்றிலும் தெளிவாக இருக்கும் ஒருவர் ஒரே ஒரு எண்ணத்தில் மட்டும் புத்தி பேதலித்துப் போவது என்பது அதன் பொருள். ஒற்றைப் பித்து என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து படங்களுக்கும் அந்தப் பித்துகளே பெயராகிவிட்டன: பொறாமைப் பித்து, சூதாட்டப் பித்து, திருட்டுப் பித்து, குழந்தைகளைக் கவர்ந்து செல்லும் பித்து, படைத்தலைவன் என்று தன்னை எண்ணிக்கொள்ளும் பித்து. இந்தப் பெயர்களை ஜெரிகோ எழுதி வைக்கவில்லை. படங்கள் தீட்டப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வியார்தோவின் வழியாகத்தான் அவை நமக்கு வந்து சேர்ந்தன. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லியோனில் இருக்கும் மூதாட்டியின் படத்தைப் பெயர்ப்பலகை இல்லாமல் பார்த்துவிட்டு, 'இவள் பொறாமையால் பித்தானவள்' என்று எவராலும் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் படத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். உயரம் 72 சென்டிமீட்டர், அகலம் 58 சென்டிமீட்டர். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் தாத்தா பாட்டி படங்களைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்னணி முழுவதும் இருண்ட பழுப்பு. மூதாட்டியின் தலையில் ஓரம் சுருக்கிய வெள்ளைக் குல்லாய். அதன் அடியிலிருந்து நரைமயிர் சில இழைகள் பிரிந்து தொங்குகின்றன. இமை விளிம்புகள் சிவந்திருக்கின்றன, கண்கள் நம்மைத் தவிர்த்துச் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்க்கின்றன, உதடுகள் இறுகியிருக்கின்றன. முகத்தின் தசையில் ஜெரிகோ மஞ்சள், சாம்பல், இளஞ்சிவப்பு வண்ணங்களை ஈரம் காயுமுன் ஒன்றன்மேல் ஒன்றாக வேகமாகத் தடவியிருக்கிறார். உடையைச் சில தூரிகை வீச்சுகளில் முடித்துவிட்டார். கைகள் படத்துக்குள் வரவே இல்லை. சங்கிலி இல்லை, வைக்கோல் இல்லை, கம்பிக்கதவு இல்லை. ஒரு நீதிபதியையோ வங்கி முதலாளியையோ உட்கார வைத்து எப்படி வரைவார்களோ, அதே முக்கால் முகத் தோற்றத்தில், அதே இருண்ட பின்னணியில், அதே மரியாதையோடு இவளையும் வரைந்திருக்கிறார்.

இது எவ்வளவு புதியது என்பதை உணர, முந்தைய நூற்றாண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1735-இல் வெளியிட்ட படவரிசையின் கடைசிக் காட்சி லண்டனின் பெத்லெம் மனநல விடுதிக்குள் நடக்கிறது; அதில் ஒருவன் வைக்கோல் முடி சூடி அரசனாக வீற்றிருக்கிறான், நன்றாக உடுத்திய பெண்கள் இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள். 1770 வரையில் அந்த விடுதிக்குள் பொதுமக்கள் காசு கொடுத்துப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தது வரலாறு. ஜெரிகோ அந்த வேடிக்கையை முற்றாக நீக்கிவிட்டார்.

ஐவரின் பெயர்களும் நமக்குத் தெரியவில்லை. சல்பெத்ரியேர் பெண்களுக்கான மருத்துவமனை என்பதால், மூன்று ஆண்களும் வேறு விடுதியைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. வரைந்தவர் பெயர், வைத்திருந்தவர் பெயர், பரணில் கண்டவர் பெயர், மறுத்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் பதிவாகியிருக்க, உட்கார்ந்தவர் பெயர் மட்டும் இல்லாமல் நோயின் பெயர் அந்த இடத்தில் நிற்பதை இந்த ஐந்து படங்களின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் வருத்தம் தரும் செய்தியாகக் கருதுகிறேன்.

கேள்வி: முகத்தைப் பார்த்தே மனநோயைக் கண்டறியலாம் என்று அக்கால மருத்துவர்கள் உண்மையிலேயே நம்பினார்களா?
(ஓய்வுபெற்ற மருந்தாளுநர், திருநெல்வேலி)

பதில்: நம்பினார்கள், நம்பிக்கையோடு நிற்காமல் அதற்காகப் பெருமுயற்சியும் செய்தார்கள். எஸ்கிரோல் தம் நோயாளிகள் பலரை ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்து, 1838-இல் வெளியிட்ட தம் பெருநூலில் செதுக்கோவியங்களாகச் சேர்த்தார். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் மாரிசனும் ஏறக்குறைய அதே காலத்தில் நோயாளிகளின் முகங்களை மட்டுமே தொகுத்து ஒரு நூல் கொண்டுவந்தார். நோய்க்கு முன்னும் பின்னும் என ஒரே ஆளின் இரண்டு முகங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது இவ்வகை நூல்களின் வழக்கம். பிறகு கேமரா வந்தது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநல விடுதியில் பணியாற்றிய ஹ்யூ டயமண்ட் 1850-களில் தம் பொறுப்பில் இருந்த பெண்களைப் புகைப்படம் எடுத்து, 1856-இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். புகைப்படம் நோயின் போக்கைப் பதிவுசெய்யும், தன் படத்தைத் தானே பார்ப்பது நோயாளிக்கு நன்மை தரும், விடுதியை விட்டுப் போனவர் மறுபடி வந்தால் அடையாளம் காண உதவும் என்பவை அவர் சொன்ன பயன்கள்.

இந்த நம்பிக்கையை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர் சார்லஸ் டார்வின் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். மனிதரிலும் விலங்குகளிலும் மெய்ப்பாடுகள் தோன்றும் விதத்தைப் பற்றி அவர் 1872-இல் எழுதிய நூலுக்காக, பிரெஞ்சு மருத்துவர் துஷேன் மின்சாரத்தால் முகத்தசைகளைத் தூண்டி எடுத்த புகைப்படங்களை இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு விளக்கமும் சொல்லாமல் காட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டார். சில படங்களுக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே விடை சொன்னார்கள். வேறு சில படங்களுக்கு ஆளுக்கொரு விடை வந்தது. விளக்கத்தைப் படித்த பின் படத்தைப் பார்த்தபோது தமக்கு எல்லாமே பொருத்தமாகத் தோன்றியதையும், விளக்கமின்றிப் பார்த்திருந்தால் தாமும் குழம்பியிருக்கக்கூடும் என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். துயரத்தின்போது புருவங்களின் உள்முனை மேலெழுந்து நெற்றியின் நடுவில் மட்டும் மடிப்பு விழுவதை அதே நூலில் அவர் நுணுக்கமாக விவரித்திருப்பதையும் சொல்ல வேண்டும். துயரம் ஒரு கணத்தில் முகத்தில் எழுதும் எழுத்தை ஓரளவு படிக்கலாம். ஒருவருடைய நோயின் பெயரை முகத்திலிருந்து படிக்க முடியாது. ஜெரிகோவின் ஐந்து படங்களும், எந்த நோக்கத்துக்காகத் தீட்டப்பட்டிருந்தாலும், இந்த இரண்டாவது உண்மைக்கே சாட்சியாகிவிட்டன என்பது என் துணிபு.

கேள்வி: அக்கால ஓவியங்களில் மனம் பேதலித்த பெண் என்றால் பூச்சூடிய அழகியாகவே இருப்பது ஏன்?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் ஒஃபீலியாதான் காரணம். காதலனால் கைவிடப்பட்டு, தந்தையையும் இழந்து, மலர்களோடு நீரில் மூழ்கும் அந்தப் பெண்ணை அந்த நூற்றாண்டின் ஓவியர்கள் சலிக்காமல் வரைந்தார்கள். புகழ்பெற்றது ஜான் எவரெட் மில்லே 1851–52-இல் தீட்டியது. அதற்காக எலிசபெத் சிட்டல் என்ற இளம்பெண் குளிர்காலத்தில் நீர் நிறைத்த தொட்டியில் கிடந்தார். அடியில் எரிந்த விளக்குகள் அணைந்துபோக, குளிர்ந்த நீரில் கிடந்து நோயுற்றார் என்பது வரலாறு. அந்தப் படத்தின் செடிகொடிகளை நானும் மிகவும் ரசிப்பவன். ஆனால் அதில் இருப்பது உருவப்படம் அன்று, வேடம். இதைவிடக் கவலை தருவது, மருத்துவர்களும் அதே வேடத்தைத் தேடியதுதான்: மேலே சொன்ன டயமண்டின் புகைப்படங்களில் ஒன்றில் நோயாளிப் பெண்ணொருத்தியின் தலையில் இலைமாலை சூட்டி ஒஃபீலியாவைப் போலவே நிறுத்தியிருக்கிறார்கள். லியோன் மூதாட்டிக்கு அந்த அவமதிப்பு நேரவில்லை.

கேள்வி: துயரத்தை மட்டும் வைத்து வரைந்த உருவப்படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?
(பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: தயங்காமல் இவான் கிராம்ஸ்கோய் 1884-இல் முடித்த 'ஆற்றொணாத் துயரம்' என்ற ஓவியத்தைச் சொல்வேன். மாஸ்கோவின் திரெத்யாக்கோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. கிராம்ஸ்கோய் (1837–1887) ரஷ்யாவில் அக்காலத்தின் முதன்மையான உருவப்பட ஓவியர். அரசுக் கலைக்கழகத்தின் கட்டுப்பாட்டை மறுத்து 1863-இல் வெளியேறிய 14 மாணவர்களுக்குத் தலைமை வகித்தவர். 1870-களின் பிற்பகுதியில் அவரும் மனைவி சோஃபியாவும் தங்கள் சிறு மகன்கள் இருவரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். அந்தத் தாயின் முகச்சாயலைத்தான் ஓவியத்தில் இருக்கும் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏறத்தாழ ஆளுயரப் படம்: 228 சென்டிமீட்டர் உயரம். கறுப்புடை அணிந்த நடுவயதுப் பெண் ஒருத்தி திரைச்சீலைக்கு அருகில் தனியே நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கையால் கைக்குட்டையை வாயில் அழுத்திப் பிடித்திருக்கிறாள். மற்றொரு கை தளர்ந்து தொங்குகிறது. பக்கத்தில் இறுதிச் சடங்குக்கு வந்த மலர்கள் குவிந்திருக்கின்றன; தரையில் ஒரு தொட்டியில் சிவப்பு மலரொன்று தன்பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கிறது. குழந்தையின் உடலோ பெட்டியோ படத்தில் எங்கும் இல்லை. கண்களில் நீர் வழியவில்லை. அழுது அழுது வற்றிப்போன கண்கள் என்பதை இமைகளின் சிவப்பு சொல்கிறது. அந்தக் கைக்குட்டையைக் கவனியுங்கள். அது கண்ணைத் துடைக்க எடுத்தது அன்று. வாயைத் திறந்தால் என்ன ஓசை வெளிவருமோ என்ற அச்சத்தில், அடுத்த அறையில் இருப்பவர்கள் கேட்டுவிடக் கூடாதே என்று தன்னைத் தானே அடைத்துக்கொள்வதற்காக எடுத்தது. இழவு வீட்டில் பந்தலுக்கு ஆள் வந்துவிட்டாரா, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாயிற்றா என்று கவனித்தபடியே உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அழுகை ஓய்ந்து, அடுத்த காரியத்துக்கு எழுந்து நிற்க வேண்டிய அந்த இடைவேளையை வரைந்த ஓவியர்கள் மிகச் சிலர்.

இந்த எளிமை கிராம்ஸ்கோய்க்கு எளிதில் வந்துவிடவில்லை. பல ஆண்டுகள் இதையே மனத்தில் வைத்துக்கொண்டு, வேறு வேறு நிலைகளில் பெண்ணை அமர்த்தியும் நிறுத்தியும் வரைந்து பார்த்து, வெளிப்படையான நாடகத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே இந்த நிலைக்கு வந்தார். இப்படியொரு சோகப் படத்தைத் தம் வீட்டில் மாட்ட யார்தான் விலை கொடுப்பார்கள் என்று அவரே எண்ணி, ரஷ்ய ஓவியக்கலைக்கு இது மிகையாகிவிடாது என்றால் அன்பளிப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு சேகரிப்பாளர் பாவெல் திரெத்யாக்கோவுக்கு எழுதினார். திரெத்யாக்கோவ் படத்தை ஏற்றுக்கொண்டார், விலையையும் கொடுத்துவிட்டார்.

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனே தம் மனைவி இறந்து கிடந்தபோது தூரிகையை எடுத்து வரைந்தார் என்று படித்தேன். இது மனிதத்தன்மையா?
(வங்கி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது, அதே கேள்வி மோனேயையும் வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. அவருடைய மனைவி கமீல் 1879 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் வெத்தேய் என்ற ஊரில், 32 வயதில் நீண்ட நோய்க்குப் பின் இறந்தார். வறுமையான காலம், இரண்டாவது குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயதுதான். மோனே படுக்கையருகில் இருந்து வரைந்த படம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீலம், ஊதா, சாம்பல் வண்ணத் தீற்றல்கள் மெல்லிய துணி போர்த்தியதுபோல் முகத்தின்மேல் சாய்ந்து விழுகின்றன. அவற்றுக்கு அடியில் வாய் சற்றே திறந்த முகம் கரைந்துகொண்டிருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து நண்பர் கிளெமன்சோவிடம் மோனே இதைப் பற்றி மனம் திறந்து பேசினார். தமக்கு அத்தனை அருமையாக இருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மரணம் அதில் ஏற்றும் நீலம், மஞ்சள், சாம்பல் சாயல்களைத் தம் கண் தானாகவே கணக்கிடத் தொடங்கிவிட்டதைக் கண்டு தாமே திடுக்கிட்டதாகவும், செக்கைச் சுற்றும் விலங்கைப்போல் தம் பழக்கத்துக்குத் தாம் அடிமைப்பட்டிருப்பதை அப்போது உணர்ந்ததாகவும் சொன்னார். இதை ஈரமற்ற நெஞ்சின் பேச்சாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தச்சர் ஒருவர் தம் மகனுக்கான பெட்டியைத் தாமே செய்ய நேர்ந்தால், பலகையின் அளவைக் கை தானாகவே பார்க்கும். அக்காலத்தில் இறந்தவர்களை வரைந்துவைப்பது ஐரோப்பியக் குடும்பங்களில் பரவலான வழக்கமாகவும் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கமீலின் சம்மதத்தைக் கேட்க வழியில்லை என்ற உங்கள் மறுப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை.

கேள்வி: மனநோயாளியே ஓவியராக இருந்து, தம்மைக் கவனித்த மருத்துவரை வரைந்தது உண்டா?
(உளவியல் முதுகலை மாணவர், சென்னை)

பதில்: உண்டு. ரிச்சர்ட் டாட் (1817–1886) இங்கிலாந்தில் இளவயதிலேயே பெயர் பெற்ற ஓவியர். 1842–43-இல் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பயணம் போனபோது அவருடைய மனம் பிறழத் தொடங்கியது; எகிப்தின் தெய்வம் ஒசைரிஸ் தம்மை ஆள்வதாக நம்பினார். 1843 ஆகஸ்டில், தம் தந்தையை வேறு யாரோ உருமாறி வந்தவர் என்று எண்ணிக் கொன்றுவிட்டார். அடுத்த ஆண்டு பெத்லெம் விடுதிக்கு அனுப்பப்பட்டார். 1864-இல் புதிதாகக் கட்டப்பட்ட பிராட்மூர் விடுதிக்கு மாற்றப்பட்டு, அங்கேயே இறந்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான அடைப்பில் அவர் வரைவதை நிறுத்தவே இல்லை.

இரண்டாவது கேள்விக்கான பதிலில் நோயாளிகளின் முகங்களைத் தொகுத்த மாரிசனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதே மாரிசன் பெத்லெமில் மருத்துவராக இருந்தவர். 1852-இல் டாட் அவரைத் தீட்டினார். அந்தப் படம் ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கையில் தொப்பியோடு முதிய மருத்துவர் களைத்த முகத்தோடு நிற்கிறார். பின்னால் எடின்பரோவுக்கு அருகே கடலோரத்தில் இருந்த அவருடைய வீடும் நிலமும் தெரிகின்றன, மீன்காரப் பெண்கள் இருவரும் நிற்கிறார்கள். விடுதிக்குள் அடைபட்டிருந்த டாட் அந்த இடத்தைப் பார்த்தவர் அல்லர். மருத்துவரின் மகள் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்தே அதைத் தீட்டினார். வாழ்நாள் முழுவதும் நோயாளிகளின் முகங்களை ஆராய்ந்தவரின் முகத்தை நோயாளி ஒருவர் இவ்வளவு கருணையோடு ஆராய்ந்திருப்பதற்கு நிகரான வேறொரு படம் அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து டாட் மனித உணர்ச்சிகளை விளக்கும் நீர்வண்ணப் படங்கள் முப்பதுக்கும் மேல் வரைந்தார். அவற்றில் துயரத்துக்கு ஒன்று உண்டு, வெறிகொண்ட பித்துக்கும் ஒன்று உண்டு. இரண்டும் 1854-ஐச் சேர்ந்தவை. பித்தைக் காட்ட அவர் சங்கிலியில் கட்டுண்ட மனிதனைத்தான் வரைந்தார். பழைய மேடைக் காட்சி அது. விடுதிக்குள்ளேயே வாழ்ந்தவர், தம்மைச் சுற்றியிருந்த உண்மையான முகங்களை விட்டுவிட்டு அந்தப் பழைய சங்கிலியை ஏன் எடுத்தார் என்பது நீங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க கேள்வி.

கேள்வி: ரஷ்ய ஓவியர் ரெப்பின் வரைந்த இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் படம் மருத்துவமனையில் வரையப்பட்டதா?
(இசை ஆசிரியை, திருச்சிராப்பள்ளி)

பதில்: ஆம். 1881 மார்ச் தொடக்கத்தில், பீட்டர்ஸ்பர்க்கின் ராணுவ மருத்துவமனை ஒன்றில், நான்கே அமர்வுகளில் இல்யா ரெப்பின் அதைத் தீட்டி முடித்தார். முசோர்க்ஸ்கி குடியால் சிதைந்து கிடந்தார். படம் முடிந்த பத்துப் பதினைந்து நாளில் இறந்துவிட்டார். மருத்துவமனை அங்கி, கலைந்த தலை, சிவந்த மூக்கு எல்லாவற்றையும் ரெப்பின் உள்ளபடியே வரைந்தார். கண்களை மட்டும் வெளிறிய நீலத்தில் முழுத்தெளிவோடு வைத்தார். படத்தை நிறுத்தி வரையும் தாங்கி வைக்க வசதியில்லாமல் ஒரு சிறு மேசையருகில் உட்கார்ந்து வேலை செய்தார் என்று விமர்சகர் ஸ்தாசோவ் பதிவு செய்திருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்த கிராம்ஸ்கோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே நெருங்கி உட்கார்ந்துவிட்டார் என்றும் ஸ்தாசோவே எழுதுகிறார். 'ஆற்றொணாத் துயரம்' முடிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அது. திரெத்யாக்கோவ் கொடுத்த விலையை ரெப்பின் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், முசோர்க்ஸ்கியின் நினைவுச்சின்னத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கேள்வி: வான்கோ தம்மையே பலமுறை வரைந்தார். மனநல விடுதியில் உடனிருந்த நோயாளிகளை வரைந்தாரா?
(வாசகர், கொழும்பு)

பதில்: வரைந்தார், ஆனால் மிகக் குறைவாக. 1889 மே மாதம் முதல் ஓராண்டுக் காலம் பிரான்சின் சான்-ரெமி விடுதியில் தாமாகவே சேர்ந்து இருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் தாய்க்கு எழுதிய கடிதத்தில், இங்குள்ள நோயாளி ஒருவரை வரைந்துகொண்டிருப்பதாகவும், சில காலம் சேர்ந்திருந்து பழகிவிட்டால் இவர்கள் மனநோயாளிகள் என்ற நினைப்பே வருவதில்லை என்றும் குறிப்பிடுகிறார். அந்தப் படம் என்று கருதப்படுவது ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கு முந்தைய மாதம் விடுதியின் தலைமைப் பணியாளரான ட்ராபூவையும், பிறகு அவர் மனைவியையும் வரைந்தார். ட்ராபூ முன்பு மார்செய் மருத்துவமனையில் இரண்டு காலரா கொள்ளைநோய்க் காலங்களிலும் பணியாற்றியவர். மிகுந்த துன்பத்தையும் சாவையும் பார்த்துவிட்ட முகம் அது என்று வான்கோ தம் தம்பி தியோவுக்கு எழுதினார். முதலில் வரைந்த படத்தை ட்ராபூவுக்கே கொடுத்துவிட்டு, அதைப் பார்த்து மறுபடி வரைந்ததைத் தியோவுக்கு அனுப்பினார். இப்போது சுவிட்சர்லாந்தின் சோலத்தூர்ன் நகரில் இருப்பது அந்த இரண்டாவது படம்.